மூலையில் ஐந்தாம் நாள்

ஜப்பானின் நாராவில் உள்ள அந்தச் சிகிச்சை விடுதிக்கு வந்து, அறை மூலையில் மடிப்புத் திரைக்குப் பின்னால் கினுயே உட்கார்ந்து இன்றோடு ஐந்து நாள். காலையிலிருந்து இரவு ஒன்பது வரை அந்த மூலையை விட்டு நகரக் கூடாது. போன் கிடையாது.

இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை வரும் விடுதி வழிகாட்டி ஹிரோகாவா திரையை விலக்கி, அங்கத்து வழக்கப்படி தரையில் நெற்றி பட அவளை வணங்கினார். இங்கே மருந்து மாத்திரை இல்லை. மூன்று கேள்விகள்தான் வைத்தியம்.

"வீட்டுக்காரர் உங்களுக்கு என்ன செஞ்சார்? நீங்க அவருக்கு என்ன செஞ்சீங்க? என்ன கஷ்டம் கொடுத்தீங்க?"

"அவர்தானே என்னை இங்க கொண்டாந்து தள்ளினார்! ஐயா, ஒரு மணி நேரம் வீட்டுக்கு விடுங்க. ஒரே ஒரு தடவை."

"அஞ்சாம் நாள் எல்லாரும் இதைத்தான் சொல்வாங்கம்மா."

"நெஞ்சை அடைக்குதுய்யா. தூக்கமே வரல."

"வீட்டுல பாட்டிலை எங்கெல்லாம் தேடுவீங்க?"

"அரிசி டப்பா, செருப்பு அலமாரி, மெத்தைக்கு அடியில..." கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "சமையலுக்கு வெச்சிருக்கிற சாக்கே மதுவைக்கூட விட்டதில்ல."

ஹிரோகாவா பெருமூச்சு விட்டார்.

"அவர் குடியை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சும்மா. தினம் சாயங்காலம் அவர் வாயை மோந்து பாக்கறதை நீங்க எப்ப விடப் போறீங்க?"

கினுயே தரையில் நெற்றி பட வணங்கினாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மோந்து பாத்துக்கறேன்யா. நாளையிலேருந்து சத்தியமா விட்டுடறேன்."