பியூலாவின் திட்டு

"எங்களுக்கு ஃபேக்டரி கிடையாது, குடோன் கிடையாது. எங்ககிட்ட இருக்கிற ஒரே சொத்து, என் மனைவி திட்டுற திட்டு" என்று ஜெபராஜ் ஆரம்பித்ததும் முதலீட்டாளர்கள் சிரித்துவிட்டார்கள்.

பியூலாவின் குரல், சொல், இழுப்பு எல்லாம் கம்பெனி பெயரில் பதிவாகியிருந்தன. அலாரம், எடை மெஷின், ஃப்ரிட்ஜ் செய்கிறவர்கள் உரிமம் வாங்கி அதைப் பொருத்திக்கொள்வார்கள். விற்கும் ஒவ்வொன்றுக்கும் ராயல்டி வரும். தூத்துக்குடித் தமிழில் திட்டு வாங்காமல் இப்போதெல்லாம் டெல்லிக்காரன்கூட எழுந்திருப்பதில்லை.

"இதே திட்டு வெளியில ஓசியில கிடைச்சா?" என்று கேட்டார் ஓர் அம்மாள்.

"கிடைக்காது மேடம். ஒப்பந்தப்படி அவ யாரையும் சும்மா திட்டக்கூடாது. ரெண்டு வருஷமா என்னையே திட்டல."

கைதட்டினார்கள். முதலீடு உறுதியாயிற்று.

அந்தச் சந்தோஷத்தில், பியூலா வாங்கிவரச் சொன்ன மீனை மறந்து வெறுங்கையோடு வீடு வந்தான் ஜெபராஜ். அடுப்பில் குழம்பு கொதித்து மீனுக்காகக் காத்திருந்தது.

"மீனு வாங்க மறந்துட்டேன்."

பியூலா ஹோட்டல் வரவேற்பறைப் பெண்ணைப் போலப் புன்னகைத்தாள். "பரவாயில்லங்க. நாளைக்கு வாங்கிக்கிடலாம்."

அவன் ஃப்ரிட்ஜைத் திறந்து, எதையும் எடுக்காமல் அப்படியே நின்றான்.

"கதவ அடைங்க! தெருவையே குளிர வைக்கப் போறியளோ?" என்றது ஃப்ரிட்ஜ், பியூலாவின் குரலில்.

அடுப்படியில் பியூலாவின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. ஜெபராஜ் கதவை இன்னும் அகலமாகத் திறந்தான்.