முகத்தில் அடிக்கும் காற்று

"சின்ன ரூமே போதும். தூங்கத்தானே போறோம்?" என்றார் கணவர்.

"அதுல ஜன்னலே திறக்காதாம். பால்கனி ரூம்தான் வேணும்," என்றாள் மனைவி.

கப்பல் பயண ஏஜெண்டுக்கு வாயெல்லாம் பல். "அம்மா சொல்றதைக் கேளுங்க சார்! பால்கனியில நின்னா காத்து முகத்துலேயே வந்து அடிக்கும்."

"கேட்டியா? கடலுக்குப் போக வேண்டிய பையன் நம்ம மேலேயே வந்து விழுவான்," என்றார் கணவர் மனைவியிடம்.

"பையனும் வர்றாரா? அப்போ மூணு டிக்கெட்!"

மனைவி பையைத் திறந்து, மகனின் சாம்பல் இருந்த கலசத்தை மேஜைமேல் வைத்தாள். ஏஜெண்டின் பற்கள் உள்ளே போயின.

"விழட்டுமே. உங்ககிட்ட கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போனவன், ஒரு தடவையாவது திரும்பி வரட்டும்," என்றாள் கணவரிடம்.

கணவர் கலசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பால்கனி ரூமே போடுங்க தம்பி."