சிவப்பு வரல

"ஏனுங்க, எம் பொண்ணு மூஞ்சி எதுக்கு இப்படிப் பாசி புடிச்சாப்பல இருக்குது?"

காமாட்சி நீட்டிய போட்டோவை வெங்கடாசலம் வாங்கிப் பார்த்தார். பட்டுப்புடவையில் மகள் இளவரசி பச்சைப் பசேலென்று நின்றிருந்தாள். நெற்றியிலிருந்து கழுத்துவரை கோடு கோடாக வேறு.

"பிரிண்டர்ல சிவப்பு இங்க் வரல புள்ள. இந்தப் பனிக்கு இங்க் எறங்கற ஓட்டை, அதான் நாசில், அடைச்சிருக்கும். கிளீனிங் போட்டா சரியாயிரும்."

"சட்டுனு போடுங்க. பத்தரைக்கு ராகு காலம் வந்துரும். அதுக்குள்ள பூக் கேட்டாவணும்."

பையன் ஜாதகத்தோடு பெண்ணின் போட்டோவையும் அம்மன் காலடியில் வைத்துப் பூக் கேட்பது காமாட்சி வீட்டு வழக்கம். வலப்பக்கம் பூ விழுந்தால் சம்மதம். ஆத்தூர்ப் பையன் வீட்டார் இன்று காலைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கையில் சேலத்துப் பெண் ஒருத்தியின் ஜாதகமும் இருந்தது.

"போன்லதான் போட்டோ நல்லா இருக்குதே, அதைக் கொண்டுபோயேன்" என்றார் வெங்கடாசலம்.

"சாமி காலடியில செல்போனை வெக்கறதா? நடுவுல தரகர் கூப்பிட்டா அம்மன் எடுத்துப் பேசுமாங்க?"

"அப்ப அந்த ஹால் டிக்கெட் போட்டோ?"

"அதுல திருடியாட்டம் முழிக்கறா. பேசாம வேலையைப் பாருங்க. கொட்டச்சேட்டுல இருந்து டவுன் ஸ்டூடியோவுக்குப் போய்ட்டு வர நேரமில்ல."

ஏற்காட்டுக்கு வருகிற டூரிஸ்ட்டுகளைப் படமெடுத்து, வீட்டிலேயே பிரிண்ட் போட்டுக் கொடுப்பதுதான் வெங்கடாசலத்தின் பிழைப்பு. பிரிண்டரைக் கழற்றி மாட்டுவது அவருக்குப் பல் விளக்குகிற மாதிரி. அப்படிப்பட்டவர் வீட்டு பிரிண்டர் இன்று பார்த்து மானத்தை வாங்கியது.

மூடியைத் திறந்தார். குனிந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார். மூடினார். கிளீனிங் போட்டார். மெஷின் உறுமி முடித்து இன்னொரு போட்டோவைத் துப்பியது.

இந்தத் தடவை இளவரசி இன்னும் பச்சை.

"கிளீன் பண்ணப் பண்ண மோசமாவுது! இதுக்குப் பேரு கிளீனிங்கா?" காமாட்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இரு புள்ள, இங்க் துப்பற பிரிண்டர் ஹெட்டைத் துடைச்சுப் பாக்கறேன்."

வெந்நீர் வந்தது. டிஷ்யூ பேப்பர் வந்தது. வெங்கடாசலத்தின் பத்து விரலிலும் ஹோலிப் பண்டிகை. பக்கத்தில் நின்று டிஷ்யூ எடுத்துக் கொடுத்த இளவரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் இதே அப்பாவிடம் எப்படிக் கெஞ்சினாள்! "படிப்பை நிறுத்தணும்னு அவங்க கண்டிசன் போடறாங்கப்பா. சட்டப் படிப்பு இன்னும் ரெண்டு வருசம் இருக்குது. அம்மாகிட்டச் சொல்லுங்கப்பா."

"உங்கம்மாகிட்டயா? நானா?" என்று பின்னந்தலையைச் சொறிந்துகொண்டு போனவர்தான். கல்யாணமான நாள் முதல் காமாட்சியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராத மனிதர். அம்மா போடுகிற சத்தத்துக்குப் பயந்து, பெற்ற பெண்ணின் தலையெழுத்தை முடிக்கிற போட்டோவுக்காக இன்று இப்படி வியர்த்து வழிகிறார். இவரெல்லாம் ஓர் அப்பா!

"மணி பத்தாச்சுங்க! பூசாரி கூப்படறாரு!"

"ஈரம் காயணும் புள்ள. அவசரப்பட்டா ஹெட்டு போயிரும்."

"ஹெட்டு போவட்டும், நல்ல சம்பந்தம் போயிரும் போலிருக்குதே!"

காய்ந்தது. மாட்டினார். மறுபடி கிளீனிங். மறுபடி பிரிண்ட். வந்ததைப் பார்த்துக் காமாட்சிக்கு அழுகையே வந்துவிட்டது. வயல் நடுவில் நட்டுவைத்த சோளக்கொல்லைப் பொம்மை கூட இதைவிட லட்சணமாக இருக்கும்.

"இதைக் கொண்டுபோய் வெச்சா அம்மனே பயந்துக்கும்!"

பத்தரை அடித்தது. காமாட்சி தரகருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டாள். மறுமுனை பேசப் பேச அவள் முகம் சுருங்கியது.

"சேலத்துப் பொண்ணு ஊட்டுல சரின்னுட்டாங்களாம். அங்கியே பேசி முடிச்சுட்டாங்களாம்." போனைக் கட்டிலில் எறிந்தாள். "இந்த மெஷினை நாளைக்கே பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுருங்க! எனக்கு வாய்ச்ச மனுசனும் சரியில்ல, அந்த மனுசன் வாங்குன மெஷினும் சரியில்ல!"

அடுப்படியில் பாத்திரங்கள் உருள ஆரம்பித்தன.

வெங்கடாசலம் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாயம் போகவில்லை. இளவரசிக்கு மனசு கேட்கவில்லை. ஒன்றுமறியாத மனிதர், காலையிலிருந்து ஒரு வாய் காபி கூடக் குடிக்காமல் திட்டு வாங்கியிருக்கிறார்.

"அப்பா..." அருகில் வந்து நின்றாள். "நாசில் அடைக்கலைங்கப்பா. சிவப்பு கார்ட்ரிஜ் மேல காத்து போற ஓட்டை இருக்குதில்ல, அது மேல நாந்தான் ராத்திரி செல்லோடேப் ஒட்டுனேன். காத்து போவலைன்னா இங்க் எறங்காதுன்னு தெரியும். இங்க்கெல்லாம் வீணாப் போச்சு, நீங்க வேற நொம்பப் பேச்சு வாங்கிட்டீங்க. மன்னிச்சிருங்கப்பா."

வெங்கடாசலம் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும் கண்ணு. மொதோ தடவை மூடியத் தொறந்தப்பவே பாத்தேன். நீ ஒட்டுன டேப்பு பாதி கெளம்பிப் போயிருந்துச்சு. நாந்தான் நல்லா அமுக்கி ஒட்டி உட்டேன்."