கட்டுக்கம்பி

பட்டறைப் பள்ளத்துக்குள் நின்று காரின் அடிவயிற்றைப் பார்த்த பிச்சைக்கண்ணு காறித் துப்பினார். அதுவும் போதாமல் தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ச்சீ. எந்த மூதி செஞ்ச வேலை சார் இது?"

மேலே நின்ற ஜாபேஸ் குனிந்து பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். பழைய டீசல் காரை ஓட்டிக்கொண்டு பேட்டையிலிருக்கும் இந்தப் பட்டறைக்கு வந்து இறங்கியதுமே அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலில் வண்டியைப் பள்ளத்து மேல் ஏற்றும்படியும், கதையைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் பிச்சைக்கண்ணுதான் அடக்கிவிட்டார்.

ஒரு வாரமாக வண்டிக்குள் புகை நாற்றம் என்பது புகார். எஞ்சினிலிருந்து வரும் குழாயும் சைலன்சர் குழாயும் சேருமிடத்தை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் கிளாம்புகள் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். எஞ்சின் என்ன குலுங்கினாலும் அவை வளைந்து கொடுக்கும், புகையை வெளியே விடா.

இங்கே ஒன்றுதான் இருந்தது. மற்றதன் இடத்தில் பிஸ்கட் டப்பாத் தகரத்தை வளைத்து, சாக்குத் துண்டைத் திணித்து, கட்டுக்கம்பியால் ஏழெட்டுச் சுற்று சுற்றியிருந்தது. சாக்கு கருகி, எண்ணெயும் கரியும் சேர்ந்து தார்போல வழிந்து நின்றது. செத்த எலியை எரித்த மாதிரி ஒரு வாடை.

பிச்சைக்கண்ணு கைவிளக்கை ஒரு துண்டுக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். யார் கையையும் கிழித்துவிடாதபடி அதன் நுனியை வழக்கம்போல் உள்ளே மடித்தார். பிறகு, வேறு வழியில்லாமல், அந்த அசிங்கத்தில் கை வைத்தார். அங்கேயும் நுனி உள்ளே மடங்கிக் கிடந்ததால் குறடு பிடிக்க இடம் கிடைக்கவில்லை. அதற்கும் சேர்த்து ஒரு வசவு விழுந்தது.

கட்டு அவிழ்ந்ததும் கரிக்குழம்பு அவர் மணிக்கட்டில் சொட்டியது. முப்பது வருடத்துத் தொழிலில், சாக்கடையில் விழுந்த வண்டிக்குக்கூட அவர் இப்படி முகம் சுளித்ததில்லை.

மேலே ஏறி வந்து, அந்தக் கம்பியையும் தகரத்தையும் பழைய பேப்பரில் பரப்பிப் படம் எடுத்தார். தொழிலுக்கே இழுக்கு என்று எழுதி மெக்கானிக் சங்கத்து வாட்ஸ்அப்பில் போட்டார். ஐந்து நிமிடத்தில் வசவுகள் குவிந்தன. சங்கச் செயலாளர் தாவூது குரலிலேயே பேசி அனுப்பியிருந்தார்.

"ஆளு யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லும் வே. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சங்கத்துல இருந்தே பேரை அடிச்சிருவோம். பொறவு பேட்டையில ஒரு கடைக்காரன் அவனுக்கு ஒத்த நட்டு குடுக்க மாட்டான்."

ஜாபேஸின் முகம் மாறிவிட்டது. "அந்தப் படத்தை அழிச்சிருங்க அண்ணாச்சி. ஒரு மனுசன் பொழப்பு போயிரும்."

"புகையில குடும்பத்தோட மூச்சடைச்சுப் போயிருந்தா உம்ம பொழப்பு எங்கன போயிருக்கும்?"

ஜாபேஸ் தலையைக் குனிந்துகொண்டார். கட்டியவர் பத்து நாளில் மாற்றச் சொன்னதாகவும், தான்தான் பதினோரு மாதம் இழுத்துவிட்டதாகவும் மெல்லச் சொன்னார். தப்பு தன்னுடையது என்றார்.

"தப்பிக்கதுக்கு எல்லாக் களவாணியும் சொல்லுததுதான் அது" என்று பிச்சைக்கண்ணு மறுபடி பள்ளத்தில் இறங்கினார்.

பழைய கிளாம்பின் ஸ்பிரிங் இற்றிருந்தது. நீள ஸ்குரூடிரைவரைக் கொடுத்து நெம்பியதும் அது தெறித்துப் போய்ச் சுவரில் மோதியது. புதியதன் ஒரு காதை விளிம்பில் மாட்டி, மறுகாதை நெம்பித் தள்ளினார். டக்கென்று உட்கார்ந்தது. அவருடைய கோபம்தான் உட்காரவில்லை. இரண்டாவது கிளாம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு மேலே வந்தார்.

"பேரைச் சொன்னாத்தான் இது வண்டியில ஏறும்."

நாலு மணிக்கு மனைவியையும் கைக்குழந்தையையும் ஆழ்வார்திருநகரிக்குக் கூட்டிப் போக வேண்டும், பாதி வேலையில் நிறுத்தினால் எப்படி என்று ஜாபேஸ் கெஞ்சிப் பார்த்தார். பிச்சைக்கண்ணு அசையவில்லை. அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வாசலில் வந்து நின்றார்கள்.

"குழாய் கழண்டு வழியில நின்னப்ப அந்த மனுசன் நிக்காமப் போயிருந்தா, எம் பொண்டாட்டி யூனிஸு அன்னைக்குப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேந்திருக்க மாட்டா அண்ணாச்சி. பின்சீட்டுல துடிச்சிட்டுக் கெடந்தா. உள்ள ஒரு பொம்பளை கெடக்கான்னு அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது."

பிச்சைக்கண்ணு கிளாம்பு பிடித்த கையைத் தாழ்த்தினார். பிறகு நகக்கண்ணில் ஏறியிருந்த கரிப்பிசுக்கு அவர் கண்ணில் பட்டது. அருவருப்பு திரும்பி வந்துவிட்டது.

"ஆளு நல்லவனா இருக்கட்டும். வேலை கேவலமாத்தானே இருக்கு?" குரல் பதியும் பொத்தானை அழுத்தி, போனை வாத்தியாரின் வாய்க்கு நேரே நீட்டினார். "சங்கமே கேக்கட்டும். பேரைச் சொல்லும் வே."

ஜாபேஸ் அந்தப் போனை மெதுவாக வாங்கினார். பதிவை அழித்துவிட்டு, பிச்சைக்கண்ணுவின் சட்டைப் பையிலேயே அதை வைத்தார். வாசலில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி கிட்டே வந்து சொன்னார்.

"சேரன்மாதேவி ரோட்டுல, கொட்டுத மழையில, மூஞ்சியத்தான் பாத்தேன், பேரு கேக்க விட்டுப்போச்சு. இன்னைக்குத்தான் அந்தப் பேரை உங்க கடை போர்டுல வாசிச்சேன், அண்ணாச்சி."