நமுத்த பட்டாசு

"அப்பா, அந்தத் தண்ணி ஜக்கை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்றாள் பெரியவள்.

"அப்பா, கை இருக்கறவங்க எடுத்துக்கலாம்னு சொல்லுங்க" என்றாள் சின்னவள்.

ஜக் இருவருக்கும் நடுவில்தான் இருந்தது. அப்பாதான் எழுந்து நகர்த்தி வைத்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் டிக்கெட்டைக் கை மாற்றி அனுப்பிய பழக்கம், இப்போது மகள்களின் பேச்சைக் கை மாற்ற உதவியது.

அம்மா போனபின், அம்மாவின் தையல் மெஷினைச் சின்னவள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான் விஷயம். அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றது. மனைவி போனதைக்கூடத் தாங்கிக்கொண்ட மனுஷனுக்கு இதைத் தாங்க முடியவில்லை. 'எனக்குப் பிறகு இதுங்க ரெண்டும் யாரோ எவரோன்னு ஆயிடுமோ' என்ற பயம் அவரைத் தூங்கவிடவில்லை.

இன்று அவருடைய பிறந்தநாள். "ஒரு வேளை என்னோட வெளியில சாப்பிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டு வரவழைத்திருந்தார்.

வாய்த்த ஓட்டல்தான் சரியில்லை.

மீசைக்கார சர்வர் ஆடி அசைந்து வந்து சூப்பை வைத்தார். பச்சைத் தண்ணீராக ஆறிக் கிடந்தது.

"ஸ்பூன் எங்க?" என்றாள் பெரியவள்.

"வரும்" என்றார் சர்வர். வரவில்லை.

வேலையில் இருந்த காலத்தில் அப்பாவுக்குப் 'பட்டாசு' என்று பட்டப்பெயர். காபியில் கொஞ்சம் சூடு குறைந்தால் போதும், ஓட்டலையே ரெண்டாக்கிவிடுவார். இன்று கிண்ணத்தைத் தூக்கி மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். வயதாகிவிட்டது, பட்டாசும் நமுத்துப்போகும்தானே.

பின்னால் வந்த பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிட்டுக் கையும் கழுவிவிட்டார்கள். இவர்களுக்கு நூடுல்ஸ் வந்தது. கேட்டது சோறு.

சின்னவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நான் கிளம்பறேம்ப்பா."

"மீன் வந்துடும்மா. ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்று அப்பா கெஞ்சினார். அந்த முகத்தைப் பார்த்து அவள் மறுபடியும் உட்கார்ந்தாள்.

மீன் வந்தது. அப்பா ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"நல்லாத்தானே இருக்கு?"

மகள்கள் இருவரும் ஆளுக்கொரு வாய் வைத்தார்கள். இரண்டு முகமும் ஒரே மாதிரி கோணியது. அப்படி ஓர் உப்பு.

"சர்வர்! இதை மனுஷன் தின்பானா?" என்றாள் பெரியவள்.

"உங்க சமையல்காரர் உப்பு மூட்டைமேல தடுக்கி விழுந்துட்டாரா?" என்றாள் சின்னவள்.

சர்வர் மோட்டுவளையைப் பார்த்தார். "எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க."

"யாரு சொன்னாங்க? கூப்பிடுங்க அவங்களை!"

"அவங்களுக்கு நாக்கு இருக்கான்னு பாக்கணும்!"

"ஸ்பூன் கேட்டு எவ்வளவு நேரமாச்சு?"

"அக்கா, நூடுல்ஸை விட்டுட்டே!"

"அதுக்குத்தான் வரேன், இருடி!"

வாய் தவறிக் கூப்பிட்ட பிறகுதான் சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'அக்கா' என்ற வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! பெரியவள் சர்வரை இன்னும் பலமாகத் திட்டினாள்.

கடைசியில் ஐஸ்க்ரீம் வந்தது. மூன்று கேட்டதற்கு ஒன்று. அக்காவும் தங்கையும் தலையில் அடித்துக்கொண்டு ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டார்கள்.

"அம்மா ஞாபகமா இருக்கட்டும்னுதான் மெஷினைத் தூக்கிட்டுப் போனேங்க்கா. அதுல நூல் கோக்கக்கூட எனக்கு வரல. மூடிதான் வச்சிருக்கேன்."

"கேட்டிருந்தா நானே கொண்டுவந்து வச்சிருப்பேனேடி. ஞாயித்துக்கிழமை வரேன். கோத்துக் காட்டறேன்."

அப்பா சட்டென்று எழுந்தார். "நீங்க வாசல்ல நில்லுங்க, நான் கை கழுவிட்டு வரேன்."

கை கழுவும் இடத்தைத் தாண்டி அவர் நேராகச் சமையலறை வாசலுக்குப் போனார். சர்வர் அங்கே நின்றிருந்தார்.

"ரொம்பத் திட்டிட்டாங்களா தம்பி? எனக்காக மனசுல வச்சுக்காதீங்க."

"அதை விடுங்க சார். நேத்து நீங்க வந்து கேட்டப்ப எனக்கு நம்பிக்கையே இல்ல. இப்படிச் சேர்ந்துக்கிட்டாங்களே!"

"சின்ன வயசிலயே அப்படித்தான். வீட்டுக்குள்ள எலியும் பூனையும். வெளியாள் ஒருத்தன் வம்புக்கு வந்தா ரெண்டும் ஒரே கட்சி" என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சமையல்காரர்தான் பாவம் சார். நல்ல மீன்ல அவ்வளவு உப்பு போடறதுக்குள்ள அழுதுட்டாரு."

வாசலில் அக்காவும் தங்கையும் கைகோத்து நின்றிருந்தார்கள்.

"அக்கா, அந்த மீனை அப்பா முழுங்கினாரே, கவனிச்சியா?"

"எனக்குச் சூப்புலயே தெரிஞ்சுபோச்சு. ஆறின சூப்பை சத்தம் போடாம குடிக்கற ஆளா அவரு? எல்லாம் அவர் ஏற்பாடுதான்."

"தெரிஞ்சுமா அந்த சர்வரை அப்படித் திட்டினே?"

"மீன்ல உனக்கும்தான் தெரிஞ்சிருக்கு. நீ எதுக்குத் திட்டினே?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். "உன்கூடப் பேச எனக்கும் ஒரு சாக்கு வேணாமா?"

பெரியவள் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். "நாளைக்கு ரெண்டு பேருமா வந்து சர்வர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம். அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாது."

அப்பா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சே! என்ன ஓட்டல் இது! இனிமே இந்தப் பக்கம் தலை வச்சும் படுக்கக் கூடாது!"

"ஆமாம்ப்பா!" என்றார்கள் மகள்கள், ஒரே குரலில்.