ஓட்டிக் காட்டணும்

“வண்டி யார் பேர்ல?” ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“என் பொண்ணு பேர்ல சார்” என்றார் அப்பா.

பொண்ணு பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள், ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு. புத்தம்புது ஸ்கூட்டர். பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம். சீட்டின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை.

“எங்கேம்மா வேலை?” இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

“ஒரு அச்சகத்துல சார். திங்கக்கிழமை சேரணும்.” இதற்கும் அப்பாதான்.

“நீதானேம்மா ஓட்டப்போறே?”

“ஐயோ, அவளா! பேருக்கு ஒரு லைசென்ஸ் எடுத்து வெச்சிருக்கா. ஓட்டப்போறது நான்தான் சார். பின்னாடி உட்கார வெச்சுக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வந்துடுவேன்.”

“அப்பா, நான்...”

“நீ சும்மா இரும்மா. ரோடு கிடக்கிற கிடப்பு உனக்கு எங்கே தெரியும்?”

பாவம், அது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து சேஸிஸ் நம்பரைச் சரிபார்த்தார். நிமிர்ந்து, “சரி, வண்டியை ஓட்டிக் காட்டணும்” என்றார்.

அப்பா சாவியோடு ஏறப்போனார்.

“நீங்க இல்ல. ஓனர்.”

“சார்! அவ நிலைமையைப் பார்த்துமா...”

“ஓனர் ஓட்டலைன்னா பதிவு கிடையாது.”

பின்னால் நின்ற வரிசைக்குக் கேட்கவா வேண்டும்?

“நாலு பேர் பார்க்க ஒரு பொண்ணை இப்படியா படுத்துறது?”

“நெஞ்சுல ஈரமே இல்லாத ஆளு!”

அப்பா கெஞ்சினார். கோபப்பட்டார். மேலதிகாரியிடம் போவேன் என்றார்.

“தாராளமாப் போங்க.”

வேறு வழியில்லை. சாவியை மகளிடம் நீட்டினார்.

அவள் ஊன்றுகோலை அவரிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. அப்பா ஊன்றுகோலும் கையுமாகப் பின்னாலேயே ஓடினார்.

“மெதுவா! மெதுவாம்மா!”

பாதி மைதானத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது, நின்றுவிட்டார். அவள் நிற்கவில்லை. யாரும் கேட்காமலே இன்னொரு சுற்றும் போனாள். முகமெல்லாம் சிரிப்பு.

“இவ்வளவு நல்லா ஓட்டுவியா நீ?” அப்பா ஊன்றுகோலை நீட்டிக்கொண்டே கேட்டார்.

“நீங்க எங்கப்பா பார்த்தீங்க?”

பதிவு வேலை முடிந்து கிளம்பும்போது அப்பா முன்னால் ஏறப்போய், ஒரு நிமிஷம் யோசித்து, பின் சீட்டில் உட்கார்ந்தார். அவள் தோளை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வண்டி கேட்டைத் தாண்டியதும், ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்திருந்த ஆபீஸ் கிளார்க் அம்மா இன்ஸ்பெக்டரிடம் வந்தார். முகத்தில் இன்னும் கோபம் போகவில்லை.

“ஏன் சார், புது வண்டின்னா நம்பரைச் சரிபார்த்தா போதுமே. ஓனரே ஓட்டிக் காட்டணும்னு எப்போ ரூல் வந்துச்சு?”

“அப்படி ஒரு ரூலே கிடையாதும்மா” என்றார் இன்ஸ்பெக்டர். “அந்தப் பொண்ணுக்கு நான் போன மாசமே டெஸ்ட் வெச்சுப் பாஸ் போட்டாச்சு. இன்னிக்கு வெச்சது அவ அப்பாவுக்கு.”