கரண்ட் இல்லாத முகாம்

“ஒரு நாள்! ஒரே ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கலையா?”

அறக்கட்டளைத் தலைவர் போனில் குதித்தார். மறுமுனையில் அவருடைய சிறுவர் முகாமின் மேலாளர்.

“இல்ல சார். காலையில வந்ததுங்க, மத்தியானமே அழ ஆரம்பிச்சிடுச்சுங்க. பொழுது சாயறதுக்குள்ள பெத்தவங்க வந்து எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

“அழற அளவுக்கு என்னம்மா ஆச்சு?”

“ஃபேன் இல்லையாம். செல்போனுக்குச் சார்ஜ் போட இடமில்லையாம். கழிப்பறைக்குப் போயிட்டுத் தண்ணிக்குப் பதிலா மரத்தூள் அள்ளிப் போடணும்னதும் ஒரு பொண்ணு வாந்தியே எடுத்துடுச்சு. அப்புறம்... வண்டியை அனுப்பச் சொல்லி முதல்ல போன் பண்ணினது உங்க பேரன்தான் சார்.”

தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பின்னே? நன்றாக இருந்த சிமெண்ட் கட்டடங்களை எல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு, பார்த்துப் பார்த்து மண் சுவர் எழுப்பியிருந்தார். மின்சாரக் கம்பியைப் பிடுங்கி எறிந்திருந்தார். குளிக்க ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர், படுக்கப் பாய். இயற்கைக்கு ஒரு கீறலும் படாத முகாம் என்று மேடைக்கு மேடை முழங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நன்கொடையாளர்கள் பார்க்க வருகிறார்கள். இந்த நேரம் பார்த்து முகாம் காலி!

“எல்லாம் வளர்ப்பும்மா. சொகுசு!” பேரனை மறந்துவிட்டுப் பொரிந்தார். “எப்படியாவது ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆளைச் சேருங்க. இல்லன்னா நான் வேற மேலாளரைத் தேட வேண்டியிருக்கும்.”

“எந்தப் பிள்ளைங்களா இருந்தாலும் பரவாயில்லையா சார்?”

“பிள்ளைங்களா இருந்தா போதும்!”

ஞாயிற்றுக்கிழமை தலைவரின் கார் முகாம் வாசலில் நின்றது. உள்ளே இருக்கும் ஏ.சி. குளிர் போய்விடக்கூடாதென்று, ஓட்டுநர் எஞ்சினை அணைக்கவில்லை.

தலைவர் தயங்கித் தயங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

முகாம் முழுக்கப் பிள்ளைகள். கிணற்றடியிலிருந்து வாளிகள் கைமாறிக்கொண்டிருந்தன. ஒரு சொட்டு சிந்தவில்லை. கழிப்பறைக்குப் போன பொடியன் யாரும் சொல்லாமலே மரத்தூளைத் தூவிவிட்டு வந்தான். வேர்க்கிறது என்று முனகுவாரில்லை.

“அடேயப்பா!” என்று வியந்தார், பார்க்க வந்திருந்த நன்கொடையாளர்களில் ஓர் அம்மாள். “எங்க வீட்டு வாண்டுங்க குழாயைக்கூட ஒழுங்கா மூடாதுங்க. எப்படிங்க இது?”

“வந்து ஒரு வாரம்கூட ஆகலைங்க. அதுக்குள்ள இந்த மாற்றம்!” தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். “இடம் சரியா இருந்தா, பிள்ளைங்க தானா மாறிடுவாங்க.”

“சார், ஒரு விஷயம்...” என்று நெருங்கினாள் மேலாளர்.

“அப்புறம்மா, அப்புறம்.”

துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, தோளில் கை போட்டுக்கொண்டார்.

“சொல்லு கண்ணு. இங்க வந்து என்னென்ன கத்துக்கிட்ட?”

“கிணத்துல நீச்சல்!”

எல்லோரும் சிரித்தார்கள்.

“அது இல்லம்மா. கரண்ட் இல்லாம இருக்கிறது, தண்ணியைச் சிக்கனமா செலவழிக்கிறது...”

“அதெல்லாம் தெரியுமே தாத்தா.”

“ஃபேன் இல்லாம தூக்கம் வருதாடா?” என்று கேட்டார் அம்மாள்.

“எங்க வீட்லயும்தான் ஃபேன் இல்ல.”

“உங்க வீடு எங்க?”

சிறுமி வேலிக்கு அந்தப் பக்கம் கை காட்டினாள். முகாமைக் கட்ட வந்தவர்களின் தகரக் கொட்டகைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

“அதோ. இந்தச் சுவத்துக்கு மண்ணு மிதிச்சது எங்கம்மாதான். நாங்க எல்லாரும் அங்கதான் இருக்கோம்.”

சிரிப்பு நின்றுபோயிற்று. அம்மாள் கொட்டகைகளைப் பார்த்தார்; பிறகு தலைவரைப் பார்த்தார். தலைவர் மேலாளரை முறைத்தார்.

தலைவரின் முகம் சுண்டிப்போனதைக் கவனித்தது சிறுமி மட்டும்தான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவர் விரலைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்:

“வருத்தப்படாதீங்க தாத்தா. அடுத்த மாசம் எங்களுக்குக் கரண்ட் குடுக்கப் போறாங்களாம். அப்பாகிட்ட சொல்லி, பாவம், உங்களுக்கும் சேத்துக் கேக்கச் சொல்றேன்!”